ரேடியோ அக்காவின் மஞ்சள் பொத்தான்

தெருவே அவளை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடும். தையல்காரி. மெஷினை ஓட்டிக்கொண்டே நாலு வீட்டுக் கதையையும் நாக்கு நுனியில் வைத்திருப்பாள். அப்படிப்பட்டவளைப் பக்கவாதம் வந்து சாய்த்தது. வலது கையும் போயிற்று, பேச்சும் போயிற்று. மனசுக்குள் வார்த்தை குறையவில்லை, வாய்தான் ஒத்துழைக்கவில்லை.

பேச முடியாதவர்களுக்கான கருவியை ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி வாராவாரம் வந்தாள். டேப்லெட்டில் எழுத்துகளைத் தொட்டால் அது வாய்விட்டுப் பேசும். “எந்தப் பேச்சுக்குத் தனிப் பொத்தான் வேணும்க்கா? தண்ணியா? வலிக்குதுன்னா?” என்று கேட்டாள். ரேடியோ வெகுநேரம் தடவித் தடவி வேறொன்றை எழுதினாள். அதை ஒரு மஞ்சள் பொத்தானில் போட்டுக் கொடுத்தாள் அந்தப் பெண்.

கருவி வந்தும் விடியவில்லை. இவள் இரண்டு எழுத்தைத் தொடுவதற்குள் மீதியைக் கணவரே சொல்லி முடித்துவிடுவார். அன்பான மனுஷர்தான், ஆனால் ஒரு நிமிஷம் வாயை மூடத் தெரியாது. ஜன்னலைத் திறக்கச் சொல்ல வந்தால் போர்வை வந்து சேரும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று நாத்தனார் ஓர் ஆளோடு வந்து நின்றாள், தையல் மெஷினை எடுத்துப் போக. சும்மாதானே கிடக்கிறது என்று கணவர் வாக்குக் கொடுத்திருந்தார். இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரேடியோவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடது கை விரலால் ‘மெ’ என்று தொட்டாள்.

“மெதுவா தூக்கிட்டுப் போகச் சொல்றா” என்றார் கணவர்.

அழித்தாள். மறுபடி தொட்டாள். அன்றைக்கும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் எட்டிப் பார்த்து, “மெஷினைத் துடைச்சுக் குடுக்கணுமாக்கா?” என்றாள். இந்த வேலைக்கென்றே வந்தவளுக்கும் பொறுமையில்லை! மெஷின் வாசல்வரை போய்விட்டது.

ரேடியோ மஞ்சள் பொத்தானில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“இருங்க. நான் இன்னும் முடிக்கல.”

யாரும் திரும்பவில்லை. இன்னொன்று வைத்தாள். இன்னொன்று. கருவி கோபமே இல்லாத குரலில் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில், தூக்கிய ஆளே மெஷினைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.

கணவர் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். ஆராய்ச்சிக்காரப் பெண் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ந்து, ஒருவழியாகக் கருவி பேசியது:

“மெஷின் என்னோடது. இடது கை இருக்கு. உள்ள வைங்க.”

நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. மெஷின் பழைய இடத்துக்கே வந்தது.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்று ஆரம்பித்தார் கணவர். “நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? உன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா, நான் எப்பவுமே…”

ரேடியோ அவர் முகத்தைப் பார்த்தபடியே மஞ்சள் பொத்தானைத் தொட்டாள்.