சிகப்பியின் பெரட்டு

தகரத்தில் கடைசி அடி விழுந்து ஓசை அடங்குவதற்குள் சிகப்பி முதல் பெயரைக் கூப்பிட்டுவிடுவாள். பதில் வரும்வரை வெறும் வாயை மெல்லுவாள். புகையிலை கிடைக்காமல் போய் வெகுகாலமாகியும் வாய்க்கு அது தெரியவில்லை.

"அழகம்மா!"

"இருக்கேங்க்கா!"

"என்ன புள்ள, கொரல் கம்முது? காய்ச்சலா?"

"இல்லக்கா, ராத்திரி முழுக்கப் புள்ள தூங்க விடல."

"அப்ப பசியாறிட்டு, புள்ளய ஆயாக் கொட்டாயில விட்டுட்டு நீ படு. அடுத்தது யாரு? காளியம்மா!"

"இருக்கேன், இருக்கேன். எங்க போயிருவேன்? சீமைக்கா?"

பெரட்டு என்பது தோட்டங்களில் விடியற்காலையில் நடக்கும் ஆள் கணக்கெடுப்பு. மலாய் நாட்டில் சிடாம் கிரியை அடுத்த அந்த ரப்பர் தோட்டத்தில் துரை இருந்த காலத்தில் கணக்குப்பிள்ளையான கிராணி பெயர் கூப்பிடுவார். வரிசையில் நின்றவர்கள் குரல் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போவார்கள். குரல் கொடுக்காதவர்களுக்கு அன்றைய கூலி இல்லை. ஜப்பான்காரன் வந்தான், துரை தப்பி ஓடினார், ரப்பரை வாங்க ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. கிராணியும் சுங்கைப் பட்டாணிக்குக் குடிபோய்விட்டார். பெரட்டு நின்றுபோனதற்காக யாரும் வருத்தப்படவில்லை. "சனியன் ஒழிஞ்சுது" என்று சொல்லி அன்று வெயில் ஏறும்வரை படுத்துக் கிடந்தவர்களில் சிகப்பியும் ஒருத்தி.

1943இல் லாரிகள் வந்தன. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். சிகப்பியின் கணவன் வீரசாமியும் போனான். எஞ்சிய பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பயம் ஒரு காரணம். உடுத்தத் துணி இல்லாதது இன்னொரு காரணம். தாயும் மகளும் ஒரே கோணிச் சாக்கை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்ட வீடுகள் அந்த லயத்து வரிசையில் இருந்தன. ஒரே கூரையின் கீழ், ஒரு பலகைச் சுவருக்கு அப்பால், யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் போயிற்று. கடைசி அறையில் தனியாக இருந்த ஓர் இளம்பெண் காய்ச்சலில் இறந்து கிடந்தது, நாய் வந்து கதவைப் பிறாண்டிய பிறகுதான் லயத்துக்குத் தெரிந்தது.

அவளைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் விடியலில், சிகப்பி காலி மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைப் பெரட்டுக் களத்துக்குத் தூக்கிப்போய்த் தட்டினாள்.

"ஏண்டி, பைத்தியம் புடிச்சிருச்சா?" என்று காளியம்மா உள்ளிருந்து கத்தினாள்.

"பெரட்டு இருந்திருந்தா, அந்தப் புள்ள கொரல் வரலன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ல? தொர நம்மள எண்ணுனது வேலைக்கு. இனிமே நம்மள நாமளே எண்ணிக்குவோம், இருக்கமா இல்லையான்னு."

"வெளிய வர்றதுக்குக் கட்டத் துணி எங்கலா இருக்கு?"

"உள்ள இருந்தே கத்து. கொரலுக்கு எதுக்குச் சேல?"

அதற்கு யாரோ உள்ளே சிரித்தார்கள். லாரிகள் போன பிறகு அந்த லயத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

சிகப்பி குள்ளம். பால் வாளிகளைத் தோளில் காண்டாக் கட்டை வைத்து அதில் தொங்கவிட்டுச் சுமந்து சுமந்து வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கும். நடையில் ஒரு சாய்வு உண்டு, பேச்சில் கிடையாது. பெயர்களை அறை வரிசைப்படிதான் கூப்பிடுவாள். பதில் வந்தால் மட்டும் போதாது. குரல் நடுங்கினால் பட்டினி என்றும், கம்மினால் அழுகை என்றும் சொல்லிவிடுவாள். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் எல்லோரும் அந்த வாசலுக்குப் போக வேண்டும். ஒருத்தி போதாதா என்று கேட்டதற்கு, "ஒருத்தி போனா 'நல்லாருக்கேன், போ'ன்னு வெரட்டிருவா. ஊரே போனா, சண்டைக்கு வந்துட்டாங்கன்னாவது கதவத் தொறப்பாள்ல?" என்றாள்.

பெயர் முடிந்ததும் வேலை பிரிப்பாள். மரவள்ளி தோண்ட இவர், விறகு பொறுக்க அவர், பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவர். அதே குரலில், "பேச்சுத் துணைக்கு அழகம்மா" என்பாள். சயாமிலிருந்து சேதி வராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் அறையில் போய் உட்கார்ந்து பேசுவது அந்தத் தோட்டத்தில் ஒரு வேலை. தோண்டியவருக்குக் கிடைக்கும் அதே அளவு கிழங்கு பேசியவருக்கும் உண்டு. "வாயாடிக்கும் கூலி குடுக்குற தோட்டம் இது ஒண்ணுதான்" என்று காளியம்மா பழித்தாள். ஆனால் அந்த வேலைக்கு அவள் பெயர் வந்த நாட்களில் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

சயாமுக்குப் போனவர்களின் பெயர்களையும் சிகப்பி விடுவதில்லை. "சயாம்ல இருக்காரு" என்று அந்தந்த வீட்டுப் பெண் பதில் சொல்வாள். தன் அறை வரும்போது மட்டும் சிகப்பி வாயை மூடிக்கொள்வாள். கணவன் பெயரைச் சொல்லக் கூடாதே! வயது காரணமாக லாரியில் ஏற்றப்படாத சின்னையா, களத்து ஓரத்திலிருந்து "வீரசாமி!" என்று கூப்பிடுவார். "சயாம்ல இருக்காரு" என்று சிகப்பி தனக்குத் தானே பதில் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போவாள்.

சின்னையா பாசார் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அடுத்த தோட்டத்துக்காரர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்: "எங்க தோட்டத்துல தொர இல்ல, கிராணி இல்ல. பெரட்டு இருக்கு!"

அந்தப் பெரட்டில் ஒரு பெயர் மட்டும் இல்லை. லயத்துக்கு எதிரே தனி வீட்டில் இருந்த மருதம்மாளின் பெயர் அது. அவள் கணவன் ராமையா கங்காணிதான் லாரிக்கு ஆட்களை விரல் நீட்டிக் காட்டியவன். கடைசி லாரியில் ஆள் குறைந்தபோது ஜப்பான்காரன் அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு மருதம்மாளின் வீட்டுப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிகப்பியும்தான். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் வேலை பிரிப்பாள்.

ஒரு நாள் காலையில் மழை. அந்த வீட்டுக் கூரையில் அடுப்புப் புகை தெரியவில்லை. முந்தின நாளும் தெரியவில்லை என்று சிகப்பிக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வாயை மென்றுகொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூப்பிட்டாள்.

"மருதம்மா!"

காளியம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"அந்தப் பேரக் கூப்பிடாத. அவ புருசன் வெரல் நீட்டித்தான் எம் மவன் லாரி ஏறுனான்."

"எம் வீட்டுக்காரரும் அப்படித்தான் ஏறுனாரு."

"அப்புறம் என்ன மயித்துக்குக் கூப்புடுற?"

"ஆளு விட்டுப்போச்சு காளி. ஆளு விட்டுப்போன பெரட்டு என்ன பெரட்டு? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

எதிர் வீட்டிலிருந்து குரல் வரவில்லை. சுவரில் கரண்டியால் தட்டும் சத்தம் மட்டும், டொக்கென்று ஒருமுறை கேட்டது. சிகப்பி அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

மறுநாள் காளியம்மா குரல் கொடுக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் இல்லை. சிகப்பி முறைப்படி எல்லோரையும் கூட்டிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள்.

"உசுரோடதான் இருக்கேன். போங்கடி!"

"இத அங்க இருந்தே சொல்லியிருந்தா நாங்க நடந்திருக்க வேணாம்ல?"

"அவ பேரு இருக்குற வரைக்கும் எம் பேரு வேணாம்."

அதைக் கேட்டு இன்னும் சில கதவுகள் மூடிக்கொண்டன. பதில் வராத பெயர்கள் கூடின. சின்னையா பயந்துபோய், "ஒரு பேரு தான தாயி, விட்டுரு. இல்லன்னா மொத்தமும் கலைஞ்சிரும்" என்றார். சிகப்பிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் தினமும் கூப்பிட்டாள். தினமும் கரண்டிச் சத்தம் வந்தது.

ஒரு நாள் அது வரவில்லை.

மூன்று முறை கூப்பிட்டுவிட்டுச் சிகப்பி நடந்தாள். பின்னால் யாரும் வரவில்லை. தாழ்ப்பாளைக் குச்சியால் நெம்பி உள்ளே போனாள். மருதம்மாள் கால்கள் வீங்கி, எழ முடியாமல், கையில் கரண்டியோடு சுவரோரம் கிடந்தாள். மூச்சு இருந்தது. சிகப்பி அவளைத் தூக்கப் பார்த்தாள். தாழ்ந்த தோள் இடம் கொடுக்கவில்லை. வெளியே வந்து, களத்தில் நின்றவர்களைப் பார்த்துத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.

"என்னால ஒத்தையாத் தூக்க முடியல" என்றாள்.

யாரும் அசையவில்லை. பிறகு காளியம்மாவின் கதவு திறந்தது. தான் படுக்கும் சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"நவுரு. நீ தூக்குனா அவளப் போட்டு ஒடச்சிருவ. கோணில கெடத்தி நாலு பக்கமும் புடிக்கணும். அழகம்மா, பாத்துக்கிட்டு நிக்கிறியே, வந்து காலுப் பக்கம் புடி!" குனிந்தவள் மருதம்மாளின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்: "அவன் மேல இருக்குற கோவம் அப்படியேதான் இருக்கு. உன்னிய மட்டும்தான் தூக்குறேன்."

பக்கத்தில் இருந்தது காளியம்மாவின் அறை. அங்கேதான் கிடத்தினார்கள். பெண்டாங்கிலிருந்து மாட்டு வண்டியில் வந்த மலாய்க்காரர் ஒருவரிடம் கிழங்கைக் கொடுத்துச் சின்னையா கால் வீக்கத்துக்குத் தவிடு வாங்கிவந்தார். காளியம்மா திட்டிக்கொண்டே தவிட்டுக் கஞ்சி காய்ச்சினாள், திட்டிக்கொண்டே ஊட்டினாள்.

மறுநாள் விடியலில் தகரம் ஒலித்தது. மூடியிருந்த வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அழகம்மா இருந்தாள். காளியம்மா, "ம்" என்றாள். வீரசாமி சயாமில் இருந்தான். கடைசியில் சிகப்பி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மருதம்மா!"

எதிர் வீடு காலியாகக் கிடந்தது. கூரையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. பிறகு காளியம்மாவின் அறையிலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பேசும் குரல் வந்தது.

"இருக்கா."

சிகப்பி அடுத்த வேலைக்குப் போகவில்லை. தகரத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கதவை நோக்கித் திரும்பி, உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டு, இன்னொரு குரலுக்காக நின்றாள்.