அரையடி குறைந்த கட்டில்

என் மருந்துக் கடைக்கு நேர் எதிரே ஒரு கட்டடம் நிற்கிறது. நிற்கிறது என்பது ஒன்றுதான் அதைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்ல விஷயம். தூணும் தளமுமாக அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது, சுவர் மட்டும் கிடையாது. கீழே கடைகள், மேலே வீடுகள் என்று திட்டம். கீழே ஒரு கடைக்கு நானும் முன்பணம் கட்டி வைத்திருக்கிறேன். அந்தக் கதை இப்போது வேண்டாம். சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். மாத்திரை கடையிலேயே இருக்கிறது என்றாலும் வீணாக எதற்கு?

நான் சொல்ல வந்தது சின்னவளைப் பற்றி. அந்த வளாகத்தின் வாசலை ஒட்டி மாதிரி வீடு ஒன்று இருக்கிறது. வீடு வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்காகக் கம்பெனி எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டியது. அதைத் திறந்து, துடைத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. அவளுடைய அக்கா அவளைச் "சின்னவளே" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எங்கள் தெருவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. தலைவலி மாத்திரை வாங்க என் கடைக்கு வருவாள். பேச உட்கார்ந்தாள் என்றால் மாத்திரையை மறந்துவிட்டுப் போவாள்.

மாதிரி வீட்டின் சூட்சுமமெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அறைகளுக்குக் கதவு வைக்கமாட்டார்கள், கதவு இடத்தை அடைக்கும். கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. டிவி வெறும் அட்டை. ஃபிரிட்ஜுக்கு மோட்டார் கிடையாது. குழாய் பளபளவென்று இருக்கும், பின்னால் பைப் இருக்காது. இதெல்லாம் போகட்டும், அந்தக் கட்டில் இருக்கிறதே! படுக்கையறை பெரிதாகத் தெரியவேண்டும் என்று தச்சரிடம் சொல்லி அரையடி நீளம் குறைத்துச் செய்திருந்தார்கள்.

"யாராவது படுத்துப் பாத்தா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"யாருண்ணே அடுத்தவங்க கட்டில்ல படுப்பாங்க? உக்காருவாங்க, மெத்தைய அமுக்கிப் பாப்பாங்க, எந்திரிச்சிருவாங்க. அதையும் மீறி சாய்ஞ்சா, 'வாங்க, பால்கனி பாக்கலாம்'னு இழுத்துட்டு வந்துருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். கட்டில்தான் குட்டை, வீடு நிஜம் என்று மனதார நம்பினாள். நம்பியதால்தான் சொந்த அக்காவையே கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாலாவது மாடியில் ஒரு வீடு எடுக்க வைத்தாள்.

அக்காவுக்குச் சீருடை தைக்கும் இடத்தில் வேலை. பல வருஷம் மிதிமிஷின் மிதித்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. மடக்கினால் நீட்ட முடியாது, நீட்டினால் மடக்க முடியாது. குடியிருந்ததோ மாடிப்படி ஏறவேண்டிய வாடகை வீடு. லிஃப்ட் வைத்த வீடு என்று தங்கை சொன்னதும் விழுந்துவிட்டாள். அவள் புருஷன் பஸ் பணிமனையில் மெக்கானிக். இரண்டு பேர் சம்பளத்தையும் காட்டி வங்கிக் கடன் வாங்கினார்கள். அந்தக் கடனை வங்கி இவர்கள் கையில் தராது, கம்பெனிக்கும் ஒரேயடியாகக் கொடுக்காது. ஒரு தளம் போட்டால் ஒரு பங்கு, அடுத்த தளத்துக்கு அடுத்த பங்கு. பத்திரமான ஏற்பாடு என்று வங்கிக்காரர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது, இத்தனைக்கும் நான் படித்தவன்.

கட்டடம் விறுவிறுவென்று ஏறியது. ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போட்ட மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் என் கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். மெக்கானிக் இனிப்புப் பொட்டலத்தை என் முன்னால் நீட்டுவார்.

"நம்ம தளம் போட்டாச்சு சார்!"

அடுத்த முறை, "நமக்கு மேல் வீட்டுக்காரங்களுக்கும் போட்டாச்சு சார்!"

நானும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். சுவர் எங்கே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. தளத்துக்குத்தான் வங்கி பணம் கொடுக்கும், சுவருக்குக் கிடைப்பது சொற்பம். அதனால்தான் கம்பெனி தளமாகப் போட்டுக்கொண்டே போனது என்பது எங்கள் மரமண்டைகளுக்கு உறைக்கவில்லை. தலைக்கு மேல் கூரை வந்துவிட்டால் வீடு வந்த மாதிரிதானே என்று கைதட்டிக்கொண்டிருந்தோம். கடைசித் தளம் போட்ட கையோடு கம்பெனி முதலாளி கம்பி நீட்டிவிட்டார். எங்கள் பணமெல்லாம் நகரத்துக்கு வெளியே வேறொரு நிலமாக மாறியிருந்தது.

அதன் பிறகு அக்கா இருக்கிற வீட்டுக்கு வாடகையும் இல்லாத வீட்டுக்குத் தவணையும் கட்டினாள். முதலாளிக்குக் கடன் கொடுத்திருந்த நிதி நிறுவனம் வளாகத்தைக் கையகப்படுத்தி ஒரு மேனேஜரை அனுப்பியது. தன்மையான மனிதர். அதுதான் பெரிய தொல்லை, வாய்விட்டுத் திட்டக்கூட முடியவில்லை. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து நிதானமாகச் சொன்னார். விற்காமல் கிடக்கிற வீடுகள் விற்றால் அந்தப் பணத்தில் சுவர் எழும்பும், எல்லோருக்கும் வீடு வரும். விற்காவிட்டால் இது இப்படியேதான் நிற்கும்.

மாதிரி வீட்டைத் தூசி தட்டித் திறந்தார்கள். சின்னவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

"என் அக்காவுக்கு வீடு வரணும்னா இன்னொருத்தியோட அக்கா தலையில கட்டணும். நான் என்னண்ணே செய்ய?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு என்ன தெரியும்? தலைவலி மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.

தவணை தவறக்கூடாது என்று பார்த்ததில் வாடகை தள்ளிக்கொண்டே போனது. வீட்டுக்காரரும் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சின்னவளிடம் போகலாம் என்றால் அவள் இருப்பது பெண்கள் விடுதியில், ஒரு ஆள் படுக்கிற இடம்தான் அவளுக்குச் சொந்தம். போன வாரம் ஒரு மத்தியானம் அக்கா இரண்டு பையையும் ஒரு பால் பாக்கெட்டையும் தூக்கிக்கொண்டு நேராக மாதிரி வீட்டுக்கு வந்துவிட்டாள். மெக்கானிக் மீதிச் சாமானைப் பணிமனைக் கொட்டகையில் போட்டுவைக்கப் போயிருந்தார். அங்கே நடந்ததைச் சாயங்காலம் சின்னவள் சொல்லித்தான் கேட்டேன்.

"என்னக்கா இது, பையோட வந்திருக்கே?"

"வேற எங்கடி போறது? எங்க வீடு வர்ற வரைக்கும் இதுல இருந்துக்கறோம். யாரு கேக்கப் போறா?"

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திருகினாள். காற்றுகூட வரவில்லை. ஃபிரிட்ஜில் பாலை வைத்துவிட்டு உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். வெளியில் அடித்த அதே வெக்கைதான் உள்ளேயும்.

"டிவியாவது ஓடுமா?"

"அட்டைக்கா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரித்து ஓய்ந்து அக்கா கட்டிலில் படுத்தாள்.

"ஏன்டி, கால் வெளிய நிக்குது?"

சின்னவள் உண்மையைச் சொன்னாள்.

"எனக்குக் காட்டினப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இதே கட்டில்தான்கா."

அக்கா திட்டியிருந்தால் தேவலை என்றாள் சின்னவள். திட்டவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்து மேனேஜரின் கார் வந்து நின்றது. பின்னாலேயே வீடு பார்க்க ஒரு புருஷனும் பெண்டாட்டியும். பைகளைப் பால்கனிக்குத் தள்ளத்தான் சின்னவளுக்கு நேரம் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து மேனேஜர் முகம் சுருங்கியது.

"இவங்க யாரு?"

அக்காவே பதில் சொன்னாள்.

"நான் நாலாவது மாடியில வீடு வாங்கியிருக்கேன் சார்."

வந்த பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, வாங்கினவங்களே இருக்காங்க. சொல்லுங்கக்கா, நம்பி வாங்கலாமா?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். வாங்காதீர்கள் என்று சொன்னால் அந்தப் பெண் தப்பித்துவிடுவாள், நாலாவது மாடிக்குச் சுவர் வராது.

"காத்துக்குக் கொறையே இல்லம்மா. நாலு பக்கமும் வரும்," என்றாள் அக்கா.

பொய் என்று சொல்ல முடியுமா? சுவரில்லாத வீட்டுக்குள் காற்று வராமல் எங்கே போகும்?

அந்தப் பெண் கட்டில் பக்கம் வந்தாள். மெத்தையை அமுக்கினாள். "ரூம் நல்லாப் பெருசா இருக்கு. கொஞ்சம் படுத்துப் பாக்கட்டுமா?" என்றாள்.

பால்கனி பார்க்கலாம் என்று சின்னவளால் சொல்ல முடியவில்லை. பால்கனியில்தான் பைகள் இருந்தன.

"இரும்மா, எனக்கு முட்டி வலி. கொஞ்ச நேரம் நான் சாஞ்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டு அக்கா படுத்தாள். ஒருக்களித்து, முழங்கால் இரண்டையும் கையால் பிடித்து இழுத்து மடக்கி, அந்தக் கட்டிலுக்குள் அடங்கிக்கொண்டாள். காலடியில் இடம் மிச்சமிருப்பதை மெத்தையில் தட்டிக் காட்டினாள்.

"பாத்தியாம்மா, எவ்வளவு தாராளமா இருக்கு."

அவர்கள் சுற்றிப் பார்த்து, பேரம் பேசி, முன்பணத்துக்குத் தலையாட்டிவிட்டுக் கிளம்பும் வரை மடக்கிய காலை அவள் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே இருந்தாளாம். கார் போன பிறகு நீட்டப் பார்த்தாள், முடியவில்லை. தங்கை காலைப் பிடித்துவிட்டபோது, "பாவம்டி அந்தப் பொண்ணு, என்னை அக்காங்கறா," என்று சொல்லி அழுதாளாம்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, முட்டிக்குத் தடவக் களிம்பு வேண்டும் என்றாள் சின்னவள். திரும்பி நின்று அலமாரியில் தேடுவதுபோலத் தேடினேன்.

"மேனேஜர் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"அவரு பையப் பாத்துட்டாருண்ணே. கோவிக்கல. வீடு கெடைக்கற வரைக்கும் இங்கயே இருந்துக்கட்டும்னு சொல்லிட்டாரு."

"பரவாயில்லையே."

நான் சின்ன டியூப் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"ஞாயித்துக்கெழமை நெறையப் பேரு பாக்க வர்றாங்களாம். அக்காவ அதே மாதிரி படுத்திருக்கச் சொல்லியிருக்காரு," என்றாள். "பெரிய டியூபா குடுங்கண்ணே."