பிரசாதம் சாப்பாட்டில் சேருமா?

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில், எண்டோஸ்கோப்பி அறைக்கு வெளியே அவர் எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், எண்பது தாண்டியவர், வெள்ளை மீசை. காவல் நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல் அடிக்கடி வயிற்றைத் தட்டிக்கொடுத்தார். அதற்குள் ஆரம்ப நிலைப் புற்றுநோய். வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியாகக் குழாய் விட்டே வெட்டி எடுத்துவிடுவார்களாம்.

"இந்த வயசுல தாங்குமான்னு மக அழுதா. டாக்டரு, நெஞ்சு நல்லாருக்கு, வயித்தைக் காலியா மட்டும் கொண்டாங்கன்னுட்டாரு" என்றார்.

நான் வெறும் நெஞ்செரிச்சலுக்கு வந்தவன். பயத்தில் அவரைவிடக் கிழவனாகத் தெரிந்திருப்பேன். இரக்கப்பட்டு, மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். நெய் மணக்கும் அக்காரவடிசில், பாதிதான் இருந்தது.

"மீதி?"

"காலையில நான் எடுத்துக்கிட்டேன்."

"ஐயா, ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னாங்களே!"

"சாப்பிடலையே. கோயில் பிரசாதம் தம்பி, அது சாப்பாட்டுல சேருமா?"

மயக்க மருந்து கொடுத்தபின் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் வயதானவருக்கு உயிராபத்து. பத்திரிகையில் படித்திருந்தேன், என் படிப்பு முதன்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது. நர்ஸிடம் சொன்னேன். சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அவர் என்னை முறைத்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து என் ரிப்போர்ட்டை வாங்கப் போனேன். வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்; எல்லாம் நல்லபடியாக முடிந்ததாம். மகளிடம் என்னைக் காட்டினார்.

"ஏட்டி, என்னைக் காட்டிக்கொடுத்த மகராசன் இவருதான். அந்தச் சேரை எடுத்துப் போடு."