உறைக்காத வெயில்

ஜெயவேல் பதினோரு வருடம் குவைத்தில் கம்பி கட்டினான். ஐம்பது டிகிரி வெயிலில், தலையில் ஈரத்துண்டோடு கட்டடத்தின் உச்சியில் நிற்கிற வேலை. போன தை மாதம் ஆரணிக்குத் திரும்பி வந்தபோது எங்கள் தெருவே அவனைப் பார்த்துச் சிரித்தது. பனி போய் நாங்கள் சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகும் அவன் ஸ்வெட்டரோடு திரிந்தான். சித்திரையில் ஊரே விசிறியும் கையுமாக இருந்தபோது ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினான். அவன் மனைவி சூர்யகலா மகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். வீட்டுக்குள் இருந்துகொண்டே வேறு ஊரில் இருக்கிறார் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

இனி போவதில்லை என்றுதான் அவன் வந்திருந்தான். மகளுக்குப் பத்து வயது. அவளோடு அவன் இருந்த நாட்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு வருடம் தேறாது. சூர்யகலா பட்டுத் தறி நெய்கிறவள். அவளோடு தொழிலில் நின்று பிழைக்க முடிந்தால் இருக்கலாம், இல்லையென்றால் வைகாசிக்குள் பழைய கம்பெனிக்கே திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு இருந்த தவணை.

தெருவில் பாவு விரிப்பது எங்களுக்கு விடியற்காலை வேலை. தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து விடுவோம். கஞ்சி காய வேண்டும், ஆனால் வெயில் ஏறக் கூடாது. ஏறினால் பட்டு முறுகி அறுந்துவிடும். பாவைச் சுருட்டி எடுக்கும் நேரம் பார்த்து, முனையில் நிற்கிற ஒருத்தர்தான் ‘சுத்து’ என்று சொல்வார். அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. பிடரியில் வெயில் உறைக்கிறதா என்றுதான் பார்ப்பார். அவர் சொல்லும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கு ஒன்று சொன்னால் பாவு கந்தலாகிவிடும் என்று அந்தக் காலத்திலேயே வைத்த வழக்கம்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள், எப்போதும் முனையில் நிற்கிற மணவாளன் தெள்ளாரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பாவு சூர்யகலாவுடையது என்பதால் ஜெயவேலையே நிற்கச் சொன்னோம். அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏழு மணிக்கே என் கழுத்து சுட்டது. ஜெயவேல் நிதானமாக இழையைத் தடவிக்கொண்டு நின்றான். ஏழரைக்குச் சூர்யகலா என்னைப் பார்த்தாள். வழக்கத்தை நினைத்து, பாவம் முதல் நாள் என்றும் நினைத்து, நான் சும்மா இருந்தேன். அவளும் பேசவில்லை. தெரு முன்னால் புருஷனைக் குறை சொன்னதாகிவிடும். முதலில் ஒரு இழை அறுந்தது. பிறகு கொத்துக் கொத்தாக அறுந்து தொங்கின. ‘சுத்து’ என்று அவன் சொன்னபோது சுற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவன் தன் பிடரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

“இது வெயிலாண்ணா?” என்று என்னைக் கேட்டான். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

சூர்யகலா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறுந்த பட்டைச் சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டு, அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

“கம்பெனிக்குப் போன் பண்ணிடுங்க. உங்களுக்கு இனிமே அந்த ஊருதான் ஒத்துக்கும்.”

சரி என்றான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், தப்பு என்மேல்தான் என்று சொன்னேன். கிளம்பும்போது மகள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடாமல் அழுதிருக்கிறாள். அதைப் பற்றி அவனாகவே பேச்செடுத்தான்.

“கொழந்த அழுதுகினே இருந்திச்சுண்ணா. நான் நின்னுகினு பாத்தேன். எனக்கு ஒண்ணுமே ஆவல.”