விட்டுப்போன ஏழாம் பாரம்

அச்சகத்தில் அவளுக்குப் பெயரே கோந்து. இருபது வருஷமாகப் புத்தகம் தைத்து ஒட்டுகிறவள். ஒரு பக்கம் முன்பின் போனது என்று எவரும் வாய் திறந்ததில்லை. அந்தத் திமிர் அவளுக்கு நிறையவே உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்த திமிரா?

அவள் தங்கை டாக்ஸி ஓட்டுகிறவள். விபத்தில் முழங்கால் நொறுங்கி, இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிக் கட்டில். இந்த வாரம் எழுந்து நடக்காவிட்டால் முட்டி அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கதைப் பைத்தியமாயிற்றே என்று, அச்சாகி வந்த பழைய சமஸ்கிருத நாடகம் ஒன்றின் தமிழாக்கத்தைக் கோந்து தன் கையாலேயே தைத்துக் கொடுத்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் புத்தகம் தரையில் கிடக்கிறது. தங்கை சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ராணி மேல வீண்பழி போட்டுத் துரத்துறாங்க. காட்டுல ஒவ்வொரு மரத்துகிட்டயும் நியாயம் கேக்குறா. கடைசில விழுந்துடுறா. அவளுக்கும் அவ்வளவுதான், எனக்கும் அவ்வளவுதான்."

கோந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மொழிபெயர்த்த வாத்தியார் அச்சகத்தில் பெருமையடித்தது காதிலேயே இருந்தது: "அந்தக் காலத்து வடமொழி நாடகக்காரங்க எவ்வளவு வேணும்னாலும் அழ விடுவாங்கம்மா. ஆனா அழுகையோட திரையை இறக்க மாட்டாங்க!"

புத்தகத்தை எடுத்து எண்ணினாள். பதினாறு பக்கம் கொண்ட பாரம் ஏழு இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தது. ஐயையோ! தங்கையை நினைத்து அழுதுகொண்டே தைத்த லட்சணம்!

அச்சகத்துக்கு ஓடினாள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! செருப்பு அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். ஏழாம் பாரம் மேஜைமேல் இரும்புக் கட்டைக்கு அடியில் சமர்த்தாக இருந்தது. உருவி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பி ஓடினாள்.

"அடியே, கதை முடியல! நான்தான் தைக்காம விட்டுட்டேன்!"

"நீயா? தப்பா?" இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் தங்கை சிரித்தாள். "குடு இங்க."

நீட்டிய கோந்து சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். "வந்து படி."

"அக்கா, விளையாடாத."

"ராணி எழுந்துக்கிறாளா இல்லையா, தெரிய வேணாமா?"

தங்கை திட்டினாள், காதுகொடுத்துக் கேட்க முடியாத திட்டு. அப்புறம் கட்டிலோரம் நின்ற வாக்கரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு பக்கம் படிக்க இரண்டடி. அக்கா பக்கத்தை விரித்துக் காட்டியபடி பின்னால் போகப் போக, வலியில் கத்திக்கொண்டே வாசித்தபடி வந்தாள். ராணியைத் தேடி யாரும் வரவில்லை. அவளே எழுந்தாள், ஆற்றைக் கடந்தாள், சபைக்கு நடந்து போய் ராஜாவிடம் நேருக்கு நேர் நியாயம் கேட்டாள். ராஜா தலைகுனிந்தார்.

கடைசிப் பக்கம் வராந்தாக் கோடி ஜன்னலில் முடிந்தது. தங்கைக்கு வியர்த்து வழிந்தது.

"கட்டிலுக்குத் திரும்பி நடக்கணுமே, அதுக்கு என்னத்தப் படிக்கிறது? மிச்ச ஆறு பாரத்தையும் பிரிச்சு எடுத்துட்டு வா!"

இருபது வருஷத்தில் முதல் தடவையாக, தான் தைத்த புத்தகத்தைக் கோந்து சந்தோஷமாகப் பிய்த்தாள்.