வெள்ளை ஒயர்

வாலிகண்டபுரம் வெற்றிச்செல்விக்குக் கடைசியாக வலிப்பு வந்தது பத்தொன்பது வயதில். இப்போது முப்பத்தெட்டு. நடுவில் ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை. வீடு வீடாகப் போய் சர்க்கரைக்காரர்களுக்கு அரசாங்க மருந்து கொடுப்பதுதான் அவர் வேலை. எந்த வீட்டுப் பெரியவர் டீயில் ரகசியமாகச் சீனி போட்டுக்கொள்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. லைசென்ஸ் பாரத்தில் வலிப்பு உண்டா என்று கேட்டிருந்த இடத்தில் 'உண்டு' என்று எழுதிக் கொடுத்த ஒரே மனுஷி அவராகத்தான் இருக்கும். பக்கத்தில் நின்ற புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டாராம். லைசென்ஸ் கிடைக்கவில்லை.

அதனால்தான் என் கடைக்கு வந்தார். நான் நடராசன், பெரம்பலூரில் மின்சார ஸ்கூட்டர் விற்கிறேன். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் சின்ன வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம் என்று விதியில் இடம் விட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட சைக்கிள் மாதிரிதான். "அப்ப நான் ஓட்டலாமாண்ணே?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் தலையாட்டினேன்.

ஆனால் அந்த வேகத்தில் போனால் பின்னால் வரும் சிமெண்ட் லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஆளைக் கொன்றுவிடுவான். வாங்கியவர்கள் ஒரு வாரத்தில் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நம்மைத் திட்டுவார்கள். அதனால் வேகத்தைக் கட்டிவைக்கும் வெள்ளை ஒயரை வெட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். வண்டி நாற்பத்தைந்தில் பறக்கும். பிரேக் என்னவோ அதே பிரேக்தான். கேட்டவர்களுக்குச் சொல்வேன். வெற்றிச்செல்வி கேட்கவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் காலை, வண்டிக்குக் குறுக்கே ஆடு பாய்ந்தது. பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. விழுந்து, தலையில் அடிபட்டு மயங்கிவிட்டார். முதலில் ஓடிவந்த அதே ஊர் மருதாயிக்கு இவருடைய பழைய வியாதி தெரியும். யோசிக்காமல் வண்டிச் சாவியை உருவிக் கையில் திணித்தாள். வலிப்பு என்றால் கையில் இரும்பு வைப்பது நம் பக்கத்து வழக்கம். பிறகு வந்தவர்கள் எல்லாரும் பார்த்தது அந்தச் சாவியைத்தான். ஆஸ்பத்திரி போவதற்குள் ஊரே வலிப்பு என்று முடிவு கட்டிவிட்டது. டாக்டர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். ஆபீஸில் வேலையை நிறுத்தி வைத்தார்கள். வரும் திங்கட்கிழமை வேறு ஆள் போடப்போகிறார்களாம்.

ஆட்டுக்காரர் நல்லுசாமி என்னிடம் மட்டும் சொன்னார். "என்னா வேகம்ங்க அது! வலிப்புமில்ல, ஒண்ணுமில்ல. வெளிய சொன்னா எந் தலைலதான் வுழும்." அவர் தன் தலையை நினைத்தார், நான் என் கடையை நினைத்தேன். நாற்பது நாள் வாயைத் திறக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று வெற்றிச்செல்வியே கடைக்கு வந்தார். கால் இன்னும் ஊன்ற முடியவில்லை. மாத்திரை வேகத்தில் கண் சொருகியது.

"வண்டிய யாருக்காச்சும் குடுத்துடுங்கண்ணே. எனக்கே தெரியாம வலிப்பு வந்திருக்கு. இனிமே என் ஒடம்ப நானே நம்ப மாட்டேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை எனக்கு. "வலிப்பு வரலம்மா. வேகமாப் போறதுக்கு நான் ஒயர வெட்டி வுட்டிருந்தேன். அதான் வண்டி நிக்கல."

"எப்ப வெட்டுனீங்க?"

"நீ வாங்குன அன்னைக்கே."

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. முகத்தில் ஏதோ தெளிந்தது. பத்தொன்பது வருஷத்து உடம்பு அவருக்குத் திரும்பக் கிடைத்தது போல இருந்தது. "ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். இத வந்து எழுதிக் குடுத்துடுங்கண்ணே, போதும்" என்றார்.

ஒயரை வெட்டுவது சட்டப்படி குற்றம், எழுதிக் கொடுத்தால் கடையைப் பூட்டிவிடுவார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றேகால். "இது கஸ்டமர் வர்ற நேரம்மா…" என்று என் வாய் சொன்னது.



"அப்ப வலிப்புதாண்ணே" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.