அக்கா திருத்திய ஒரு சொல்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவர் டெல்லியில் என்ன வேலை பார்த்தார் என்று என்னிடம் கேட்காத உறவினர் கிடையாது. "ஃபாரின் ஆபீஸ்ல டைப் அடிக்குதாம்" என்று நீங்களே ஒரு பதிலும் வைத்திருந்தீர்கள். அக்கா அதைக் கேட்டுச் சிரிப்பாரே தவிர, திருத்தியதில்லை. அதனால் அதை இந்த நினைவு மலரில் நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கடலோரக் கிராமமான பிள்ளைச்சாவடியில். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனார். அம்மா அவர் பிடித்த மீனைக் கூடையில் சுமந்து முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்கு நடந்தார். அக்காவுக்குப் பதினோரு வயதிருக்கும்போது அப்பா காய்ச்சலில் இறந்துவிட, அதன் பிறகு எங்கள் இருவரையும் வளர்த்தது அம்மாவின் கூடைதான். பள்ளியில் அக்கா பிரெஞ்சு எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அதில் மார்க் நிறைய வரும் என்று யாரோ சொன்னார்கள். மார்க் வந்தது, மொழியின் மேல் ஆசையும் கூடவே வந்தது. கல்லூரியிலும் அதையே படித்து, தேர்வெழுதி, டெல்லியில் வெளிநாட்டு விவகாரம் பார்க்கும் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளரானார். அம்மா ரயிலடிக்கு வந்து ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தார். டெல்லியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தப் பையைப் பற்றிப் பல வருடம் பேசினார்களாம்.

வேலை நிரந்தரமாவதற்கு முன்பே ஜெனீவாவில் ஒரு கூட்டத்துக்கு அக்காவை அனுப்பினார்கள். கடலில் மீன் குறைகிறது. ஆகவே மீன்பிடித் தொழிலுக்கு எந்த அரசும் உதவித்தொகை தரக் கூடாது என்று பணக்கார நாடுகள் கேட்டன. பெரிய கப்பல்களுக்கு அது சரி, சிறு படகுக்காரர்களை விட்டுவிடுங்கள் என்று இந்தியா ஒரு பத்தி எழுதி, மற்ற ஏழை நாடுகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்தியைப் பிரெஞ்சில் ஆக்கியவர் அக்கா.

பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகள் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அவற்றின் பிரதிநிதிகள் மரியாதையாகச் சிரித்தார்கள், ஆதரிக்கிறோம் என்று சொல்லவில்லை. ஏன் என்று நம் குழுவில் யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில், மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றின் பிரதிநிதியான ஒரு பெண்மணியிடம் அக்கா நேராகவே கேட்டுவிட்டார். அந்த அம்மாள் சொன்னாராம்: "உங்கள் சலுகை கடலுக்குப் போகும் ஆண்களுக்கு மட்டும்தானே? எங்கள் கரையில் மீனைக் காயவைத்து விற்பது பெண்கள். அவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?"

அக்கா காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் மீன் தொழில் செய்வோர் எல்லோரையும் குறிக்கும் சொல் இருந்தது. பிரெஞ்சில் அக்கா 'பெஷேர்' என்று போட்டிருந்தார். மீன் பிடிப்பவர் என்று மட்டுமே அதற்குப் பொருள்.

இங்கே அப்போது மத்தியானம். மார்க்கெட்டிலிருந்து வந்த அம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தார். போன் மணி அடித்தது. நான் எடுத்தேன்.

"டேய், அம்மாவ விட்டுட்டேன்டா."

"இன்னாக்கா சொல்ற? அம்மா இங்கதான் சோறு துன்னுது."

அம்மாவைப் போல மீன் விற்பவர்கள் தான் போட்ட சொல்லில் விடுபட்டுப்போனதை அக்கா அழுதுகொண்டே சொன்னார். வேலை போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். நான் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா கை கழுவிக்கொண்டு வந்து போனை வாங்கினார்.

"யாரு எழுதுனது? நீதான?"

"ஆமாம்மா."

"அப்ப நீயே போயி சொல்லு. வேல போனா வா, இங்க சோறு இருக்குது."

அக்கா குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னார். அருகிலிருந்த ஒரு அதிகாரி, அச்சுப் பிழை என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றாராம். "அச்சுப் பிழை இல்லை சார், என் பிழை" என்றார் அக்கா. தலைவர் எழுந்தார். அன்று பிற்பகல் எல்லா நாடுகளுக்கும் முன்னால், எங்கள் காகிதத்தில் தவறு நேர்ந்தது என்று இந்தியாவின் பெயரால் ஒப்புக்கொண்டார். அதோடு நிறுத்தவில்லை. சரியான சொல்லை நாங்கள் போடுவதைவிட, தவறைக் கண்டுபிடித்தவரே முன்மொழியட்டும் என்று அந்த ஆப்பிரிக்க அம்மாளைக் கை காட்டினார். அந்த அம்மாள் எழுந்து பேசினார். கடலோரத்தில் மீனை விற்பவரும் காயவைப்பவரும் பத்திக்குள் வந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு நாடாக நம் பக்கம் சேர்ந்தது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. பல இடங்களில் இந்தியா விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்தி மட்டும் கடைசிவரை நின்றது. அக்காவின் வேலையும் நிலைத்தது. அடுத்த பல கூட்டங்களுக்கு அந்தத் தலைவரே அக்காவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நாடு மற்ற நாடுகளுக்கு முன்னால் நிற்பது என்றால் சத்தமாகப் பேசுவது என்றுதான் நினைத்திருந்ததாகவும், அன்று அந்த எண்ணம் போய்விட்டதாகவும் அக்கா என்னிடம் ஒருமுறை சொன்னார்.

திருமணம் செய்துகொள்ளவில்லை, அதை ஒரு குறையாக நினைத்ததுமில்லை. ஓய்வுபெற்றதும் முத்தியால்பேட்டையில் சின்ன வீடு வாங்கி அம்மாவைக் கூட்டிவந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த கணவருக்காகப் பிரான்சு பென்ஷன் வாங்கும் விதவைகள் கடிதமும் கையுமாக வருவார்கள். படித்துச் சொல்லி, பதில் எழுதித் தருவார். கோபமே வராதவர் என்று பொய் சொல்ல மாட்டேன். மீன் குழம்பில் புளி குறைந்தால் வீடு அதிரும். சிறுநீரகம் பழுதாகி வாரம் இருமுறை மருத்துவமனைக்குப் போன நாட்களிலும், அங்கிருந்த நர்சுகளுக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஒரு காலை, காபி கேட்டுவிட்டுக் கண் மூடினார்.

அந்த நர்சுகளுக்கும், கேட்ட நேரத்துக்கெல்லாம் வண்டி கொண்டுவந்த முதலியார்பேட்டை ஆட்டோ நண்பருக்கும், காரியத்தன்று வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து சமையலைத் தாங்கள் எடுத்துக்கொண்ட மார்க்கெட் பெண்களுக்கும், டெல்லியிலிருந்து தள்ளாத வயதில் வந்து நின்ற அந்தத் தலைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் வாசித்துக் காட்டினேன். நினைவு மலரில் போய் அக்காவின் தவற்றை எழுதலாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அந்தப் பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு எடுக்கணும்?" என்றார் அம்மா. "தப்பு எல்லாருந்தான் பண்றாங்க. எம் பொண்ணு போயி சொல்லிச்சி. அத நல்லா பெரிய எழுத்துல போடு."